கையை எடுத்த பிறகும்

போன வாரம் சின்னவளை மாடிப்படியில் அழ வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, மூத்த மருமகளின் சமையலறைக்குள் போய், சொல்ல வந்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அந்தப் புதுப் பெட்டியை வெச்சு ஏதாவது பண்ணுங்க. அவரை மறுபடி லிஃப்ட் தலையில ஏத்தாதீங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

மறந்துபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டில் அண்ணனும் மூத்த மருமகளும் கீழே, தம்பியும் சின்னவளும் மாடியில். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில்தான், லிஃப்ட்டை ஓட்டும் போர்டுகளைச் செய்கிற பட்டறையில். போர்டுக்குள் இருக்கும் புரோகிராமை எழுதுகிறவன் அண்ணன். அந்த போர்டை லிஃப்ட்டில் மாட்டி, கூண்டின் கூரை மேல் ஏறி நின்று ஓட்டிப் பார்க்கிறவன் தம்பி. கூரை மேல் ஒரு சின்ன பட்டன் பெட்டி இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை லிஃப்ட் மெதுவாக நகரும், கையை எடுத்தால் நிற்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அது நிற்கவில்லை. ஆபத்துக்கான சிவப்பு பட்டனைத் தட்டி நிறுத்துவதற்குள் தம்பியின் வலது கால் சுவருக்கும் கூண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

"நான் கையை எடுத்துட்டேன். அது நிக்கலை" என்றான் தம்பி.

"நீ கையை எடுக்கலை. எடுத்திருந்தா நின்னிருக்கும்" என்றான் அண்ணன்.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "அண்ணி, தண்ணி மோட்டார் போட்டாச்சுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்பான் தம்பி. "அணைக்க மறந்துடப் போறான்னு உன் கொழுந்தன்கிட்ட சொல்லு" என்பான் அண்ணன். இந்தத் தபால் வேலையில் தொண்டை வற்றியது அண்ணிக்குத்தான்.

தம்பி அப்படிக் கூப்பிடப்போய், பட்டறை மொத்தமும் இப்போது அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது, முதலாளி உள்பட. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்னால் சலவை எந்திரக் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள். அதற்குப் பிறகு வீடுதான். போன மாதம் முதலாளி ஒரு சிமுலேட்டர் பெட்டியை வாங்கி இறக்கிவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே அண்ணி" என்று ஆள் அனுப்பினார். "தெரியாது. தெரிஞ்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நாளைக்குப் புதுக் கட்டடம் ஒன்றில் புது போர்டை மாட்டப் போகிறார்கள். மேலே ஏறுவது யார் என்ற பேச்சு வந்தபோது, கேட்பதற்கு முன்னாலேயே தம்பி கையைத் தூக்கிவிட்டான். கால் இன்னும் லேசாக இழுக்கிறது. ஆனால் பயந்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாதாம்.

முதலாளி ஒரு வார்த்தைதான் சொன்னார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்டியில எல்லா சோதனையும் சரியா வந்தா நாளைக்கு ஏறலாம்."

ஆக, சரியாக வந்தால் தம்பி ஏறுவான். ஏதாவது குறை கிடைத்தால் ஏற மாட்டான். இல்லாத குறையைக் கண்டுபிடிக்க அண்ணி என்ன மாமியாரா?

*

காலையில் கிளம்பும்போதே அண்ணன் ஆரம்பித்தான்.

"இன்னைக்குப் புதுசா எதையும் கிளறிட்டு இருக்காதே. இருக்கிற சோதனையை ஓட்டு, முடி. போர்டு நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கிறதைக் கிளறினா மட்டும் கெட்டுடுமா என்ன?"

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"எட்டு மாசமா ரெண்டு பேருக்குச் சேர்த்துப் பேசுறேன். ஜாஸ்தி ஆகாம என்ன செய்யும்?"

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். கெட்டவன் இல்லை அவன். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் நாலு தடவை பார்க்கிறவன். அதனாலேயே அதில் தப்பு இருக்கும் என்று யார் சொன்னாலும் அவனுக்குக் காது கேட்காது.

சிமுலேட்டர் அறை பட்டறையின் கோடியில் இருந்தது. ஈயம் பற்றவைக்கும் புகை வாசனை அங்கே வரைக்கும் வரும். ஒரு மேஜை, இரண்டு திரை, ஜன்னலுக்கு வெளியே சரக்கு ஏற்றும் முற்றம். மேஜை மேல் பாதி இடத்தை அந்தப் பெட்டியும் அதிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர்களும் அடைத்துக்கொண்டிருந்தன.

இது என்னதான் செய்கிறது என்று சின்னவள் ஒரு நாள் கேட்டபோது அண்ணி சுருக்கமாகச் சொன்னாள். "போர்டு காதுல பூ சுத்துறது. அவ்வளவுதான்."

போர்டு நிஜம். ஒயர்கள் நிஜம். ஆனால் ஒயரின் மறுமுனையில் லிஃப்ட் கிடையாது, பெட்டிதான் இருக்கிறது. மோட்டார், கயிறு, கூண்டு, கதவு, ஒவ்வொரு தளத்திலும் கூண்டு வந்துவிட்டதைச் சொல்லும் சென்சார் என்று அத்தனையையும் கணக்காக அதற்குள் எழுதி வைத்திருக்கிறாள் அண்ணி. 'மேலே போ' என்று போர்டு சொன்னால், நிஜ லிஃப்ட் எப்படி நகருமோ அப்படிக் கணக்குப் போட்டு 'இதோ போகிறேன்' என்று பெட்டி பதில் அனுப்பும். தான் ஓட்டுவது வெறும் காற்றை என்று போர்டுக்குக் கடைசி வரை தெரியாது.

பெட்டிக்கு ஒரே பிடிவாதம், நேரம். நிஜ லிஃப்ட் யாருக்காகவும் காத்திருக்காதே. அதனால் ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று தாமதமானாலும் திரையில் சிவப்பாகக் கத்திவிட்டு நின்றுவிடும். முதல் வாரம் அண்ணி ஆசை ஆசையாய், கயிறு எவ்வளவு இழுபடும், கூண்டு எவ்வளவு குலுங்கும் என்று எல்லாவற்றையும் மாடலுக்குள் அடைத்தாள். பெட்டி மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. பேசாமல் கையேட்டின் முதல் பாடத்துக்கே திரும்பிப் போனாள். முதல் பாடம், ஒரு விளக்கை ஏற்றி அணைப்பது. திரையில் அழுத்தியதும் மேஜை மேல் நிஜ விளக்கு எரிந்ததைப் பார்த்து, இந்த வயதில் கை தட்டினாள். அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அப்படித் தொடங்கியவள் இன்றைக்கு முழு லிஃப்ட்டையே திரையில் ஓட்டுகிறாள். தம்பி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, இன்னைக்கு எத்தனை பேரை ஏத்தி இறக்கினீங்க? டிக்கெட் கிழிச்சீங்களா?" என்று கேலி பண்ணுவான். அவனுக்கு இந்தப் பெட்டி மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் அண்ணி மேல் உண்டு.

*

கதவுச் சோதனை சரி. தளச் சோதனை சரி. மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்ற சோதனையும் சரி. கடைசியாகக் கூரை பட்டன் சோதனை. அண்ணி மவுஸால் பட்டனை அழுத்திப் பிடித்தாள். திரையில் கூண்டு மெதுவாக ஏறியது. விட்டாள்.

கூண்டு நிற்கவில்லை.

அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. மேல் எல்லையைத் தொட்டுத்தான் நின்றது. திரும்ப அழுத்தி விட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதே கதை.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். சந்தேகம் சரிதான். பெட்டியின் மென்பொருள் சிக்னல்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஒயர் சொருகும் பட்டையிலோ ஒன்றிலிருந்து அச்சடித்திருக்கும். இந்தத் தொழிலில் கால் வைத்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது இதில் தடுக்கி விழுந்திருப்பார்கள். அண்ணி ஓர் இடத்தில் எண்ணைத் திருத்திவிட்டு, அடுத்த இடத்தில் திருத்த மறந்திருந்தாள். அதன் பலன், பட்டனின் சிக்னல் பட்டனுக்கான ஒயரிலும் போயிற்று, தளத்தைச் சொல்லும் சென்சாரின் ஒயரிலும் போயிற்று. ஒரே ஆள் இரண்டு வாசலிலும் நின்று மணியடித்த மாதிரி.

"அறிவு கெட்டவளே" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். பட்டனை விட்டதும் கூண்டு சமர்த்தாக நின்றது. இருபது தடவை விட்டாள், இருபது தடவையும் நின்றது.

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். "எப்படி அண்ணி?"

"எல்லாம் சரியா வருது சார்."

"அப்பாடா. அப்போ நாளைக்கு..."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க சார்."

"குடுத்தேன், குடுத்தேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முற்றத்தில் தம்பி ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெல்ட்டை எடுத்துக்கொண்டான்.

சோறு அவளுக்கு இறங்கவில்லை. என்னமோ உறுத்தியது.

எண்ணை மாற்றிக் கொடுத்தது தன் தப்பு. சரி. இரண்டு சிக்னலும் ஒரே சமயத்தில் போயிற்று. அதுவும் சரி. ஆனால் போனால்தான் என்ன? பட்டனிலிருந்து கை எடுக்கப்பட்டது என்று போர்டுக்கு ஒழுங்காகத்தானே செய்தி போயிற்று? பிறகு ஏன் நிற்கவில்லை? நிஜ லிஃப்ட்டில் கையை எடுக்கிற அதே கணத்தில் கூண்டு ஒரு தளத்தைத் தாண்டக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

டப்பாவை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, இந்தப் பட்டறையில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். திருத்திய தப்பைத் திரும்பப் போட்டாள், வேண்டுமென்றே.

பட்டனை விட்டாள். கூண்டு நிற்கவில்லை. எத்தனை தடவை விட்டாலும் நிற்கவில்லை.

'நான் கையை எடுத்துட்டேன். அது நிக்கலை.' எட்டு மாதமாக ஒரு மனிதன் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தானே? லட்சத்தில் ஒரு தடவை வரக்கூடிய சந்தர்ப்பம். கூரை மேல் நின்று ஆயுள் முழுக்கப் பட்டனை அழுத்தினாலும் இன்னொரு முறை கிடைக்காது. அண்ணியின் ஒரு சின்னக் கவனக்குறைவு அதை ஒவ்வொரு தடவையும் வரவழைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் தப்புக்கு நன்றி சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். அப்புறம்தான், இந்தப் புரோகிராமை எழுதியது யார் என்ற நினைப்பு வந்தது.

*

அண்ணன் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"என்ன, சாப்பிடலையா நீ?"

"இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தான். ஒயர்களைப் பார்த்தான். திரையில் எண்களைப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"அடிப்பாவி, ஒரே சிக்னலை ரெண்டு இடத்துக்குக் குடுத்திருக்கே. உன் தப்பை வெச்சு போர்டைக் குத்தம் சொல்றியா?"

"என் தப்புதாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ரெண்டும் சேர்ந்து வந்தா உங்க புரோகிராம் என்ன பண்ணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"பட்டனைப் பாத்து நிறுத்தும்."

"நிறுத்தலையே."

அண்ணன் தன் கம்ப்யூட்டரை எடுத்து வந்தான். புரோகிராமைத் திறந்தான். அண்ணி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் விரல் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் நின்றது. மேலே போயிற்று. திரும்ப அதே இடத்துக்கு வந்தது.

"தளம் வந்ததும் எத்தனையாவது தளம்னு எண்ணுறதுக்குப் போகுது" என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "போறதுக்கு முன்னாடியே பட்டனைப் பாத்தாச்சுன்னு குறிச்சுக்குது. ஆனா பாக்கலை. திரும்பி வந்து, மாத்தம் ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுது."

"இது அந்தப் பழைய போர்டுலயும் இருந்துச்சா?"

"எல்லாத்துலயும் இருக்கு. அங்கேர்ந்துதானே எடுத்து எழுதினேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, முற்றத்தில் இருந்த தம்பியைப் பார்த்தான்.

"அவன் கையை எடுத்திருக்கான்" என்றான் அண்ணன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அண்ணி அவன் முதுகில் கை வைத்தாள். கோபப்படுவான், உன் பெட்டி பொய் சொல்கிறது என்பான் என்றெல்லாம் பயந்திருந்தாள். அவன் சொன்னது வேறு.

"நல்ல வேளை. இன்னைக்கே பாத்தே. நாளைக்கு அவன் மறுபடி ஏறியிருப்பான். என் தம்பியை நானே... நீ இதைக் கிளறாம விட்டிருந்தா?"

"காலைல கிளறாதேன்னுதான் சொன்னீங்க."

"சொன்னேன். என் பேச்சைக் கேக்காத பொண்டாட்டி கெடச்சதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். பிறகு பழக்க தோஷத்தில், "அவன்கிட்ட வந்து பாக்கச் சொல்லு" என்றான்.

அண்ணி எழுந்து ஜன்னல் கதவைத் திறந்துவிட்டாள். "தபால்காரி வேலையை விட்டாச்சு. நீங்களே கூப்பிடுங்க."

அண்ணன் ஜன்னலருகே போய் நின்றான். தொண்டையைச் செருமினான். இரண்டாவது தடவையும் செருமினான். முற்றத்தில் தம்பி தலையைத் தூக்கவில்லை.

"டேய்" என்றான் அண்ணன். "இங்க வாடா."

*

தம்பி வாசலிலேயே நின்றான். கையில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் நேரடியாகக் கூப்பிட்டதில் அவனுக்கே குழப்பம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

"உக்காருங்க. கால் வலிக்கும்" என்றாள் அண்ணி.

அண்ணி மவுஸை நம்பச் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து நிஜமான கூரை பட்டன் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் ஒயரை சிமுலேட்டரில் சொருகினாள். அவன் எப்போது கையை எடுத்தாலும் அதே கணத்தில் தளத்தின் சிக்னலும் போர்டுக்குப் போகும்படி ஏற்பாடு. அதை அவனிடமும் விளக்கிச் சொன்னாள். பிறகு பட்டன் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

தம்பி கட்டைவிரலை வைத்து அழுத்தினான். திரையில் கூண்டு ஏறியது.

"எடுங்க" என்றாள்.

எடுத்தான். கூண்டு ஏறிக்கொண்டே போயிற்று. தம்பி தன் கட்டைவிரலைப் பார்த்தான். அது பட்டனிலிருந்து நன்றாகவே விலகி, காற்றில் தனியாக நின்றது. திரையைப் பார்த்தான். மறுபடி விரலைப் பார்த்தான்.

"நான் எடுத்துட்டேன்" என்றான் மெதுவாக.

"எடுத்துட்டடா" என்றான் அண்ணன். "அன்னைக்கும் எடுத்துட்டே. என் புரோகிராம்லதான் தப்பு. நான்தான் உன்னை நம்பலை. தப்பு பண்ணிட்டேன்டா."

தம்பி சண்டை போடுவான் என்று அண்ணி நினைத்தாள். எட்டு மாதத்துக் கணக்கும் அவனிடம் இருந்தது, தீர்த்துக்கொள்ள உரிமையும் இருந்தது. ஆனால் அவன் அண்ணன் பக்கம்கூடத் திரும்பவில்லை. பட்டன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியிடம்தான் பேசினான்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணி. எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஒருவேளை நான்தான் எடுக்கலையோன்னு. எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு அழுத்திட்டே இருந்தேனோன்னு. இந்த விரலை நம்ப முடியாமப் போச்சு. அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பாப்பேன். வண்டில பிரேக் பிடிக்கும்போது பிடிச்சுட்டேனான்னு குனிஞ்சு பாப்பேன். நாளைக்கு ஏறுறேன்னு சொன்னதுகூட வீரத்துல இல்லை. தெரிஞ்சுக்கணும்னுதான்."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இனிமே தெரிஞ்சுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. உங்க விரல் நல்ல விரல்" என்றாள்.

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். மறுபடி ஒரு தடவை பட்டனை அழுத்தி விட்டுப் பார்த்தான், நிற்காத லிஃப்ட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மெக்கானிக்கை அந்தப் பட்டறை அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு இரண்டு கையையும் சேர்த்து அண்ணியைக் கும்பிட்டான்.

"அய்ய, என்ன இது" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள் அண்ணி. "எண்ணை மாத்திப் போட்டதுக்கெல்லாம் யாராவது கும்பிடுவாங்களா?"

முதலாளி வந்தார். பார்த்தார். அவரும் ஒரு தடவை பட்டனை விட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் மனிதர் மழுப்பவில்லை. "நாளைக்குப் போறது கிடையாது. பழைய லிஃப்ட் எல்லாத்துலயும் புரோகிராமை மாத்துற வரைக்கும் யாரும் கூரையில கால் வைக்கக் கூடாது. நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசறேன்" என்றார். தம்பியின் தோளைத் தொட்டு, "உன் கவனக்குறைவுன்னு அன்னைக்கு நான் பேசின பேச்சை மறந்துடுப்பா" என்றார். அப்படியே டீ சொல்லப் போய்விட்டார்.

அதற்குள் அண்ணி போன் பண்ணியதில், சின்னவள் தன் மருந்துக்கடையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அங்கே போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பட்டன் விஷயத்தைக் கேட்டதும் அப்படியே அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"ஏத்தாதீங்கன்னுதான்க்கா கேட்டேன். நீங்க எனக்கு ஆளையே திருப்பிக் குடுத்துட்டீங்க."

"சரி சரி, கண்மை கரைஞ்சு உன் கோட்டெல்லாம் ஆகுது, விடு."

"நானும் இவரை நம்பலைக்கா. வாய்விட்டுச் சொல்லலை, அவ்வளவுதான். கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேன்னு மனசுக்குள்ள..."

"அதை என்கிட்ட ஏன் சொல்றே? அங்க போய்ச் சொல்லு."

சின்னவள் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று நமக்குக் கேட்கவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துத் தன் கட்டைவிரல் மேல் வைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தோம்.

டீ வந்தது. அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்து, தம்பியின் வலது காலைத் தன் கையாலேயே தூக்கி அதன் மேல் வைத்தான். டம்ளரில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுக் கலக்கினான். தம்பிக்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் தம்பிக்குச் சுரீர் என்றது. "ஒல்லி எங்க?"

ஒல்லி என்பது அவனோடு வேலை பார்க்கும் இன்னொரு மெக்கானிக். துணிக்கடை லிஃப்ட்டுக்கு சர்வீஸ் பார்க்கப் போயிருந்தான். அந்த லிஃப்ட்டிலும் அண்ணனின் பழைய புரோகிராம்தான். தம்பி பதறிப்போய் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"எங்கடா இருக்கே? கீழயா, மேலயா? ... ஏறாதே. பெல்ட்டைக் கழட்டு. ஏன்னு அப்புறம் சொல்றேன்... இல்லை, இப்பவே சொல்றேன். நான் அன்னைக்குக் கையை எடுத்துட்டேன்டா. பெட்டியில போட்டுப் பாத்தாச்சு. கையை எடுத்தாலும் சில நேரம் நிக்காது."

மறுமுனையில் ஒல்லியின் குரல் தாழ்ந்து வந்தது, தம்பிக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சுடா. உனக்கு அடிபடுறதுக்கு முன்னாடியே. சிவப்பைத் தட்டி நிறுத்திட்டேன், தப்பிச்சேன். அப்பவே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனே. பட்டன் பழசாயிருக்கும், மாத்திடுன்னார். மாத்திட்டேன், அதோட விட்டுட்டேன்... ஏன், அவரு உன்கிட்ட சொல்லவே இல்லையா?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். எதிரே அண்ணன் டம்ளரை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக முகம் லேசாகியிருந்தது.

"என்னடா சொல்றான்? ஏறலைதானே?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டினான்.

தம்பி போனை அணைத்து சட்டைப் பைக்குள் போட்டான். டம்ளரை வாங்கிக்கொண்டான். அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறலைண்ணா" என்றான். "வேற ஒண்ணும் சொல்லலை."